உளுத்த கைமரங்கள்

எங்கள் வீட்டு முன்னறையின் சீமெந்துத் தரையில் காலையில் மூன்று நான்கு இடங்களில் வெளிர்மஞ்சள் தூள் சிறு குவியல்களாகக் கிடக்கும். மூத்தம்மாதான் அதை முதலில் கண்டார். கூட்டித் தள்ளினால் மறுநாளும் அதே இடத்தில் கிடக்கும். விரல்களுக்கிடையில் தேய்த்தால் அரித்தெடுத்த கோதுமை மாவைப் போல வழுவழுப்பாக இருக்கும்.

உம்மா கறையான் என்றார். கறையான் என்றால் சுவரில் மண்கோடு ஏறியிருக்க வேண்டும்; அப்படி எதுவும் இல்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்த வாப்பா, கைமரங்களில் குண்டூசித் தலையளவில் துளைகள் இருப்பதாகச் சொன்னார்.

அந்த வீடு ராத்தாவுக்குரியது. கிழக்கிலங்கையில் எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். அது சரியா பிழையா என்பது இன்னொரு கட்டுரைக்குரிய விடயம். பழைய இரண்டு அறைகளும் மூத்தவாப்பா காலத்து முதிரை மரத்தால் ஆனவை. முன்னறையை இரண்டு வருடங்களுக்கு முன்தான் வாப்பா கடன்பட்டுக் கட்டினார். மரக்காலையில் மலிவாகக் கிடைத்த மாமரமும் பெயர் தெரியாத வெள்ளை மரமும்தான் அதன் கூரையில் இருந்தன. நிக்காஹ்வுக்கு இன்னும் நான்கு மாதங்கள்.

உம்மாவின் கவலை மரத்தைப் பற்றியதல்ல. "மாப்பிள்ள வீட்டாக்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? ஒரு வார்னிஷ அடிச்சி விடுங்க" என்றார். பக்கத்து வீட்டு மாமி கழிவு ஒயில் பூசச் சொன்னார். கலியாண வீட்டு முன்னறையில் கழிவு ஒயில் நாற்றத்தை நினைத்து ராத்தா அழுதேவிட்டாள்.

வாப்பா வயதான ஓர் ஓடாவியை அழைத்து வந்தார். அவர் மருந்து எதுவும் கொண்டு வரவில்லை. உளியின் பிடியால் ஒவ்வொரு கைமரமாகத் தட்டிக் காது கொடுத்தார். சத்தம் அடங்கி ஒலித்த இடத்தில் கத்தி முனையைக் குத்தினார். பாண் துண்டில் இறங்குவது போல அது இறங்கியது. அதே மரத்தின் கருநிறப் பக்கத்தில் குத்தியபோது முனை நின்றுவிட்டது.

"பாருங்க மகள், வைரத்துல வாய் வைக்காது. வெள்ளையத்தான் தின்னும்" என்றார்.

நான் உயிரியல் படிப்பவள் என்பதால் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். ஓடாவி சொன்னது சரிதான். மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியில்தான் மாப்பொருள் சேமிக்கப்படுகிறது. வண்டு அந்த வெள்ளையிலுள்ள நுண்துளைகளுக்குள் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு மாதக்கணக்காக உள்ளேயே குடைந்து மாப்பொருளைத் தின்கிறது. வளர்ந்து வண்டான பிறகே 1 அல்லது 2 மில்லிமீற்றர் அகலத் துளையிட்டு வெளியேறுகிறது. நாம் காணும் துளை அது உள்ளே போன வழியல்ல, வெளியே வந்த வழி. இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அப்படியானால் வார்னிஷ் என்ன செய்யும்? நுண்துளைகளை அடைத்துப் புதிதாக முட்டையிட விடாமல் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. பூசியதற்குப் பின்னும் அது தின்றுகொண்டுதான் இருக்கும்.

இதை நான் வீட்டில் சொன்னபோது மூத்தம்மா, நபி ஸுலைமான் (அலை) அவர்களின் கைத்தடியை நினைவூட்டினார். அவர்கள் தடியில் சாய்ந்தபடியே வபாத்தாகியிருக்க, ஜின்கள் அதை அறியாமல் வேலை செய்துகொண்டே இருந்தன. ஒரு சிறிய பிராணி தடியை அரித்து அவர்கள் சாய்ந்தபோதுதான் விடயம் வெளியானது. ஸூரா ஸபஇல் வருவது. "உம்மாட வார்னிஷும் அந்தத் தடியப் போலதான்" என்று மூத்தம்மா சொன்னதும் உம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

18 கைமரங்களில் 7 ஐ மாற்ற வேண்டியிருந்தது. தளபாடத்துக்கென்று வைத்திருந்த காசில் பாதி அதற்கே போயிற்று. கழற்றியவற்றை விறகுக்கென்று குசினிக் கோடியில் அடுக்க உம்மா விரும்பினார். ஓடாவி விடவில்லை. உள்ளே இருப்பவை வண்டாகிப் பறந்து வந்து வேறு மரத்தில் முட்டையிடும் என்று அன்று மாலையே எல்லாவற்றையும் எரிக்கச் செய்தார். புதிய மரங்களுக்கும் மிச்சம் வைத்த பழையவற்றுக்கும் வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரை இருமுறை பூசினார். அதற்கு மணமே இல்லை. ஆனால் மழை நனையும் இடத்தில் அது கழுவுண்டு போகும் என்பதால், ஓட்டில் ஒழுக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார்.

பிறகு தரையில் பழைய கறுப்புத் துணியொன்றை விரித்து வைத்தோம். ஒரு கிழமையில் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தூள் விழுந்திருந்தது. அந்த இடத்துக்கு மீண்டும் பூசினோம். அடுத்த இரண்டு மாதங்களும் துணி சுத்தமாகவே இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, உம்மா கண்ணால் தடுத்தும் கேளாமல், வாப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் வாப்பா கூரையை அண்ணாந்து பார்த்தார். "எங்கட ஊட்டுக் கட்டில்லயும் இப்படித்தான் தூள் விழுது. அந்த ஓடாவிட நம்பரத் தாங்களன்" என்றார்.

கலியாணத்துக்கு முதல் கிழமை ராத்தாவின் அலுமாரி லொறியில் வந்தது. வாப்பா டோர்ச்சுடன் அதன் பின்னால் போய்க் குந்தினார். கடைக்காரப் பையன்கள் பொறுமையிழந்து நின்றார்கள். பின்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை ஓடியிருந்தது, அதில் இரண்டு துளைகளும் இருந்தன. அலுமாரி அதே லொறியில் திரும்பிப் போனது.