தபாற்பெட்டியின் திறப்பு

பிறருடைய கடிதத்தைப் பிரித்து வாசித்தல் பாவம் என்று வகுப்பறையில் நாம் கற்பித்ததுண்டு. கற்பித்த நாமே பிறருடைய கடிதங்களுக்குக் காவலாக அமர்ந்து, அக்காவலில் ஒருமுறை தவறியும் போனோம். அதனை எழுத எமக்கு வெட்கமே. ஆயினும் எம்மவர் சங்கங்களும் பாடசாலைகளும் சில எம்மைப்போலவே சொந்தமாக மின்னஞ்சல் வைத்து நடத்துவதால், இது வாசகர்களுக்குப் பயன்படக்கூடும்.

நாம் கலைப்பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் வரலாறும் தமிழும் படிப்பித்தோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீதியில் இறங்கி நடந்தபோது அக்கூட்டத்தில் நாமும் நடந்தோம். கணினியைத் தொட்டதே ஒக்லாந்துக்கு வந்த பின்னர்தான். மவுன்ற் றொஸ்கிலில் நாம் சிலர் கூடி நடத்திய வார இறுதித் தமிழ் வகுப்புக்கு 2011 ஆம் ஆண்டில் பழைய கணினி ஒன்று அன்பளிப்பாகக் கிடைத்தது. எம்மிடம் தமிழ் படித்து, பின் பல்கலைக்கழகத்தில் கணினித்துறை பயின்ற இளைஞர் ஒருவர் அதில் டெபியன் லினக்ஸை நிறுவி, வகுப்பின் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரிகளை அமைத்துத் தந்தார். “ரீச்சர், லினக்ஸுக்குக் காசில்லை” என்றார். காசில்லைதான். அடுத்த ஆண்டு அவர் தொழில் தேடிச் சிட்னிக்குப் போய்விட, திறப்பு எமது கைக்கு வந்தது.

வகுப்பு நேரங்களை அறிவிப்பதற்கென்று தொடங்கிய அஞ்சல் அது. ஆனால் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ரீச்சரிடம் எவையெவை வந்து சேரும் என்பதை வாசகர்கள் அறிவர். பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், வைத்தியசாலைத் துண்டு, காணாமற்போன மகனைப்பற்றித் தாய் கொடுத்த வாக்குமூலம் யாவும் மொழிபெயர்ப்புக்காக அந்த முகவரிக்கு வந்தன. அகதி விண்ணப்பம் செய்தவர்களின் ஊரும், இன்னும் அங்கே இருக்கும் உறவினரின் பெயர் விலாசங்களும் அப்பெட்டிக்குள் கிடந்தன. எட்டு ஆண்டுகளில் எதையும் நாம் அழிக்கவில்லை. இடம் தாராளமாக இருந்தது; கிடக்கட்டும் என்று விட்டோம்.

மின்னஞ்சல் என்பது உறையிலிட்டு ஒட்டிய கடிதம் என்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பச் செய்தித்தாளை எம்மிற் பலர் கண்டிருப்போம். உறையில்லாத தாள். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். வழியில் எவரும் வாசிக்கலாம் என்று தெரிந்தே எழுதுவோம். மின்னஞ்சல் பிறந்ததும் அவ்விதமே. 1989 ஏப்ரலில் ஹமில்ரனிலுள்ள வைக்காத்தோ பல்கலைக்கழகத்திலிருந்து ஹவாய் வழியாக இந்நாடு இணையத்தோடு இணைக்கப்பட்டபோது, அவ்விணைப்பின் வேகம் நொடிக்கு 9600 பிற் மட்டுமே. அதனைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் நம்பிய கல்விமான்கள். இன்று கடிதம் ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்துக்குப் போகையில் ரி.எல்.எஸ். என்னும் மறைகுறி முறை அதனை வழியில் மூடிச் செல்கின்றது. ஆனால் பெட்டிக்குள் விழுந்ததும் அது மீண்டும் திறந்த தாளே. திறப்பை வைத்திருப்பவர் விரும்பினால் வாசிக்கலாம்.

அக்கல்விமான்களின் நம்பிக்கையும் அதற்கு முந்திய ஆண்டே அடி வாங்கியிருந்தது. 1988 நவம்பர் 2 ஆம் நாள், கோர்னெல் பல்கலைக்கழக மாணவரான றொபேட் மொறிஸ் இணையத்தில் அவிழ்த்துவிட்ட புழு நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது புகுந்த வாசல்களில் ஒன்று சென்ற்மெயில் என்னும் அஞ்சல் நிரல். பிழை பார்ப்பதற்கென வைத்திருந்த ஒரு கதவு மூடப்படாமல் இருந்தது. சென்ற்மெயிலோ ஒரே பெரிய நிரலாக, கணினியின் முழு அதிகாரத்தோடும் இயங்கிய ஒன்று. பத்து ஆண்டுகளின் பின், 1998 இல், வீற்ஸ வெனெமா வெளியிட்ட போஸ்ற்பிக்ஸ் வேறு விதமாகக் கட்டப்பட்டது. தபால்கந்தோரில் முத்திரை விற்பவரிடம் பணப்பெட்டியின் திறப்பு இருப்பதில்லை. தபாற்பை கட்டுபவர் வீடு வீடாகப் போவதில்லை. அதுபோல வேலையைச் சிறு சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அதிகாரத்தை மட்டும் கொடுத்தார் வெனெமா. எமது இயந்திரத்தில் இருந்ததும் போஸ்ற்பிக்ஸே. அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

குறை எம்மிடம் இருந்தது. மொழிபெயர்ப்பில் எமக்கு உதவிய ஆசிரியர் ஒருவரின் கடவுச்சொல், அவரது ஊர்ப் பெயரும் 123 உம். ஞாபகம் வைத்திருக்க இலகு என்று அதனை அவருக்குக் கொடுத்தவர் நாமே. 2019 யூலை மாதத்தில் எவரோ, அல்லது எவருமில்லாத ஏதோவொரு இயந்திரம், அதனை ஊகித்து உள்ளே வந்து ஓர் இரவில் 14,000 கடிதங்களை எமது பெயரில் அனுப்பிவிட்டது. எல்லாம் மருந்து விளம்பரம். நாம் நல்ல நித்திரை.

ஐந்து நாட்கள் எமக்கு எதுவும் தெரியாது. பெரிய அஞ்சல் நிறுவனங்கள் எமது முகவரியைக் கறுப்புப் பட்டியலில் இட்டுவிட்டன. எமது உண்மைக் கடிதங்களும் திரும்பி வந்தன; திரும்பி வந்த அறிவித்தல்களோ நாம் திறந்து பாராத ஒரு பெட்டியில் விழுந்தன. தாய் ஒருவர் தொலைபேசி எடுத்தபோதுதான் அறிந்தோம். “ரீச்சர், நீங்கள் அனுப்பின மொழிபெயர்ப்பு லோயரிட்டைப் போய்ச் சேரேல்லையாம். நாளையிண்டைக்குத்தானே கடைசி நாள்.” அன்றே தாளில் அச்சடித்து, டொமினியன் வீதி பஸ்ஸில் ஏறி நகருக்குப் போய்க் கையிற் கொடுத்தோம். வன்னியில் ஆள்வழியாகக் கடிதம் கொடுத்தனுப்பிய காலம் நினைவுக்கு வந்தது.

அதன் பின்னரே பதிவேட்டைத் திறந்தோம். எமது பாடசாலைகளில் சம்பவத் திரட்டுப் புத்தகம் என ஒன்று இருக்கும். அதிபர் எழுதுவார், மேலதிகாரிகள் வந்து பார்ப்பர். லினக்ஸ் இயந்திரமும் அத்தகைய திரட்டொன்றை ஓயாது எழுதுகின்றது: எந்த இலக்கத்திலிருந்து வந்தார், எந்தப் பெயரைச் சொன்னார், கடவுச்சொல் சரியா பிழையா. எட்டு ஆண்டுகளில் ஒருநாளாயினும் நாம் அதனை வாசித்ததில்லை. வாசித்தபோது, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை எமது கதவு தட்டப்பட்டிருந்ததைக் கண்டோம்.

சிட்னி இளைஞர் தொலைபேசியில் வழிகாட்டினார். எல்லோருக்கும் நீண்ட கடவுச்சொற்கள். ஒரு கணக்கிலிருந்து மணித்தியாலத்துக்கு இத்தனை கடிதம்தான் என்று ஓர் எல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே வந்து பொருந்த ஓர் ஏற்பாடு. பலமுறை பிழையாகத் தட்டுபவரைச் சிறிது நேரம் வெளியே நிறுத்தும் ஃபெயில்ரூபான் என்னும் காவலாளி. (அக்காவலாளி முதல் வாரத்தில் பிடித்தது எமது பொருளாளரை. மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஐந்து தடவை பிழையாகத் தட்டியிருந்தார். மனிதர் இன்றும் எம்மோடு முழுதாகப் பேசுவதில்லை.) எமது பெயருக்குரிய இணையப் பதிவில் மூன்று குறிப்புகளும் சேர்க்கப்பட்டன. எமது பெயரில் அனுப்ப உரித்துடைய இயந்திரம் எது என்று சொல்வது எஸ்.பி.எவ். எமது கடிதங்கள் தாங்கிவரும் மறைகுறிக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது டீக்கிம். இவை பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்வது டீமார்க்.

2024 பெப்ரவரியிலிருந்து கூகுள் நிறுவனம், தன் பெட்டிகளுக்கு அஞ்சல் அனுப்பும் எவரும் முதலிரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று கேட்கின்றது. சிறியோர் தமக்கெனத் தபால்கந்தோர் வைத்திருப்பது வரவரக் கடினமாகின்றது. இதை விட்டுவிடலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பெரிய நிறுவனங்களின் பூட்டு எமது பூட்டைவிடப் பலமானதே. ஆனால் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று அறிந்து, இதை வைத்திரு, இதை எரித்துவிடு என்று சொல்லக்கூடியவர் அங்கு எவருமில்லை.

பூட்டுகளை மாற்றியது இலகுவான வேலை. உள்ளே வந்தவர் கடிதங்களை வாசித்தாரா என்பதே எம்மை வருத்தியது. மொழிபெயர்ப்புக்கு வந்த பத்திரங்களின் பிரதிகள் அவ்வாசிரியரின் பெட்டியிலும் இருந்தன. அனுப்பியதற்குத் திரட்டிற் சான்று இருந்தது. வாசித்ததற்குச் சான்று இல்லை. சான்று இல்லை என்பது நடக்கவில்லை என்பதாகாது என்று வரலாறு படிப்பித்தவருக்குத் தெரியும். இத்தகைய கசிவு கடுந்தீங்கு விளைவிக்கக்கூடியதாயின் உரியவருக்கு அறிவித்தல் இந்நாட்டில் இன்று கட்டாயம். அச்சட்டம் 2020 டிசெம்பர் 1 இல்தான் நடைமுறைக்கு வந்தது. “சனத்தை ஏன் வீணாப் பயப்படுத்துவான்?” என்றார் நிர்வாகத்தில் ஒருவர். 23 குடும்பங்களுக்கும் நாமே தொலைபேசி எடுத்தோம். பலர் எமக்கே ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், “உங்களை நம்பித்தானே தந்தனாங்கள்” என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அவருக்குச் சொல்ல எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

பழையவை யாவற்றையும் அழித்துவிடுவதென முடிவெடுத்தோம். மேலே சொன்ன தாய் அதனைக் கேள்வியுற்று வீட்டுக்கே வந்தார். “அழிச்சுப்போடாதையுங்கோ ரீச்சர். அவன் எழுதின கடிதத்தைக் கறையான் அரிச்சுப் போட்டுது. படம் எடுத்த போனும் பழுதாப்போச்சு. இப்ப உங்களிட்டை மட்டுந்தான் இருக்கு.” தேடினோம். மகன் 2008 இல் எழுதிய இரண்டு பக்கங்கள், மொழிபெயர்ப்புக்காக 2013 இல் எமக்கு அனுப்பப்பட்ட ஒளிப்படமாக அங்கே இருந்தன.

ஆகவே குடும்பம் குடும்பமாக அழைத்து, அவரவர் கடிதங்களைத் தாளில் அச்சடித்தும் சேமிப்பானில் இட்டும் கொடுத்து, அவர்கள் பார்த்திருக்க எமது பெட்டியிலிருந்து நீக்கினோம். காப்புப் பிரதிகளையும் துடைத்தோம். அதற்கு மூன்று சனிக்கிழமைகள் சென்றன. இப்பொழுது மொழிபெயர்ப்பு முடிந்து 30 நாட்களில் எந்தக் கடிதமும் பெட்டியில் இராது.

அந்தத் தாய்க்கு மகனின் கடிதத்தை இரண்டு பிரதிகள் எடுத்துக் கொடுத்தோம். ஒன்றைத் திருப்பி எமது கையிலேயே வைத்தார். “இது உங்களிட்டை இருக்கட்டும்” என்றார். உறையிலிட்டு, ஒட்டி, எமது அலுமாரியில் வைத்திருக்கின்றோம்.