பின்னால் இருக்கும் கபே

எழுத்தாளனை வரையச் சொன்னால் ஓவியர்கள் பெரும்பாலும் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரியை நிறுத்திவிடுவார்கள். ருடால்ஃப் ஷ்லிஷ்டர் அப்படிச் செய்யவில்லை. 1885இல் பிராகா நகரத்து யூதக் குடும்பமொன்றில் பிறந்த எகோன் எர்வின் கிஷ்ஷை, 1928 வாக்கில், பெர்லின் தெருவில் நிறுத்தி வரைந்தார். பின்னால் சுவரொட்டிகள் நிறைந்த விளம்பரத் தூண். அதற்கும் அப்பால் ரொமானிஷஸ் கபே. எழுத்தாளர்களும் ஓவியர்களும் ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் வாதாடிய இடம் அது.

கிஷ் பத்திரிகை நிருபர். தெருவில் கண்டதை இலக்கியமாக்கிய மனிதர். அவருக்கு அந்தத் தூணைவிடப் பொருத்தமான அலமாரி ஏது?

அதே 1928இல் கிறிஸ்டியன் ஷாட் என்பவரும் கிஷ்ஷை வரைந்தார். சட்டையில்லாத, பச்சை குத்திய உடம்பு. பின்னால் இரும்புச் சட்டங்கள். கெட்டிக்காரப் படம்தான். ஆனாலும் என் மனம் ஷ்லிஷ்டரின் கபேக்கே திரும்புகிறது.

1933 பிப்ரவரி 28ஆம் தேதி, ஜெர்மன் நாடாளுமன்றம் தீப்பற்றிய மறுநாள், கிஷ் கைதானார். பிறகு நாடு கடத்தப்பட்டார். மே மாதம் அவர் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். கபேக்கு வந்துபோனவர்களில் பலர் தேசம் தேசமாக ஓடினார்கள். 1943இல் குண்டுவீச்சில் கபேயும் போயிற்று. கிஷ் பிழைத்து, மெக்ஸிகோ வரை அலைந்து, 1946இல் பிராகா திரும்பினார், இரண்டே வருஷந்தான்.

மன்ஹைம் கலைக்கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தில் மட்டும் கபே மேஜைகளில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.