உரையும் நிரலும்

சந்தவாசலில் பட்டுத்தறிக் குடும்பத்திற் பிறந்து, எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், சென்ற பெருநாள் விடுமுறையில் எம் இல்லம் வந்திருந்தார். இன்று அவர் மென்பொருள் எழுதுபவர். லினக்ஸ் கெர்னலுக்கு அவர் விடுத்த முதல் திருத்தம் ஏற்கப்படாது திரும்பியிருந்தது. "பிழை இல்லை ஐயா, படிக்க முடியவில்லை என்கிறார்கள். என் ஆங்கிலம்தான் குறையோ?" என்றார். இனி அனுப்புவதில்லை என்றும் துணிந்திருந்தார்.

நிரலை நாம் அறியோம். உரையை ஓரளவு அறிவோம். தாளை வாங்கிப் பார்த்தோம். எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும் கட்டளைக்கு அருகே, 'எண்ணிக்கையில் ஒன்று கூட்டப்படுகிறது' என்றொரு குறிப்பு! வரிதோறும் இவ்வாறே பதவுரை. ஏன் கூட்டவேண்டும் என்பது எங்கும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை.

கெர்னலுக்கென நடைவிதி ஒன்று உண்டாம். உள்தள்ளல் ஒவ்வொன்றும் 8 எழுத்தகலம்; 3 அடுக்கு மிஞ்சினால் நிரலையே திருத்தியமைத்தல் வேண்டும்; எவ்வாறு இயங்குகிறது என்று உள்ளே விளக்காமல், என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்பதைத் தலைப்பிலேயே கூறுதல் வேண்டும். கேட்கக் கேட்கப் பரிமேலழகர் எம் கண்முன் நின்றார். அதிகாரத் தொடக்கத்திலேயே அதன் பொருளையும், முந்தையதன்பின் அது வைக்கப்பட்ட காரணத்தையும் சொல்லிவிடுபவர் அல்லரோ அவர்! நச்சினார்க்கினியர்பால் எமக்குப் பெருமதிப்பு உண்டு. எனினும், எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டு மாட்டும் அவர் முறை இம்மதிப்பாய்வில் தேறியிராது.

ஓலைச்சுவடியில் மூலமும் உரையும் இடைவெளியின்றி ஓடும், புள்ளியும் இராது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், மூலம் எது, உரை எது, உரைக்குள் வந்த மேற்கோள் எது எனப் பிரித்தறியவே பெரும்பாடு பட்டார். இதைச் சொன்னபோது மாணவர் நிமிர்ந்து அமர்ந்தார்.

மற்றொரு குறையும் சுட்டப்பட்டிருந்தது. பழுதை நீக்கியதோடு, உள்தள்ளலையும் அதே திருத்தத்தில் சீர்செய்திருந்தார். இரண்டையும் பிரித்து அனுப்புமாறு கேட்டிருந்தனர். இதற்கு எம் விளக்கம் தேவைப்படவில்லை. "பாவில் அறுந்த இழையைப் பிணைக்கும்போதே புட்டாவையும் மாற்றினால், பின்னால் வரும் குறை எதனால் வந்ததென்று அப்பாவால் சொல்ல முடியாது" என்று தாமே சொல்லிக்கொண்டார். திருத்தத்தின் முகவுரையை ஏவல் வினையில் எழுதல் வேண்டுமாம். 'திருத்தினேன்' அன்று, 'திருத்து'. இலக்கண வகுப்பில் இவர் உறங்கிய நாள்கள் எமக்கு நினைவில் வந்தன.

அன்றிரவே எம் திண்ணையில் அமர்ந்து பெரும்பாலான குறிப்புகளை அடித்துவிட்டு, தலைப்பில் இரண்டு வரி எழுதினார். மறுவாரம் இரண்டாகப் பிரித்து அனுப்பினார். முதலாவதற்கு மறுமொழி வந்துவிட்டது. ஒரு சொல்லை மட்டும் மாற்றக் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவதற்குக் காத்திருக்கிறார்.