காலாவதிச் சுருளும் வீசக் கணக்கும்

காலாவதியான புகைப்படச் சுருளை எறிந்துவிட வேண்டியதில்லை. ஆனால் உறையில் அச்சிட்ட வேகத்தை அப்படியே நம்புவதும் தகாது. வேகமென்பது ஒளியை ஏற்கும் திறன். ஆண்டுகள் செல்லச் செல்ல, சுருளில் பூசிய வெள்ளி உப்பு வெப்பத்தாலும் ஈரத்தாலும் அத்திறனை இழக்கிறது. ஒளி படாத இடத்திலும் மூட்டம் படர்கிறது.

சிதம்பரத்தில் ஸ்டூடியோ நடத்திய என் சாச்சாவிடம் மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்கள் எஞ்சியிருந்தன. யாவும் ‘இந்து’ சுருள்கள்; 1960இல் உதகையில் நிறுவப்பெற்று, 1967இல் உற்பத்தி தொடங்கிய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் தயாரிப்பு. (இந்து என்றால் வடமொழியில் நிலா, பிறை பார்க்கும் நமக்கு அந்நியமான பெயரன்று!) அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. கடலூர் முதுநகரிலுள்ள எங்கள் ஓட்டு வீட்டையோ அடுத்த மாதம் இடிப்பதாக முடிவாகியிருந்தது. அதனைத் தம் சுருளிலேயே பதித்துவிட வேண்டுமென்பது சாச்சாவின் ஆசை. செல்பேசி போதாதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பத்தாண்டுக்கு ஒருமுறை வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள் என்பது பரவலான விதி. முப்பதாண்டு நெருங்கிவிட்டதால் அரைக்கால் பங்கு. குளிர்நாட்டு அலமாரிக்கு அது பொருந்தலாம். தகரப் பெட்டிக்குள் ஆண்டுதோறும் சித்திரை வெயிலைத் தாங்கிய சுருளுக்குப் பொருந்துமா? இரண்டைக் காக்க ஒன்றை இழக்கச் சாச்சா அரைமனத்தோடு இசைந்தார்.

பன்னிரண்டு படம் கொள்ளும் சுருள் அது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, வெயிலில் வீட்டு முகப்பை ஐந்து முறை எடுத்தோம்: உறையிலுள்ள வேகம், அதில் பாதி, கால், அரைக்கால், வீசம். ஒவ்வொன்றுக்கும் முந்தியதைப்போல் இருமடங்கு ஒளி. திண்ணை நிழலிலும் அவ்வாறே ஐந்து. மீதி இரண்டில் ஒளியே படவிடவில்லை. மூட்டத்தின் அளவை அவைதாம் காட்டும்.

மருந்தில் கழுவி உலர்த்திப் பார்த்தோம். முதல் மூன்றும் மூட்டத்தில் மூழ்கியிருந்தன. அரைக்காலில் வெயில் பட்ட சுவர் தெரிந்தது. திண்ணைத் தூண்கள் தெரியவில்லை. வீசத்தில்தான் தூணின் செதுக்கல்கூடத் துலங்கிற்று. விதியை நம்பியிருந்தால் திண்ணையே கிடைத்திராது. உறையில் 100 என்றிருந்தால் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இவ்வளவு மந்தமான சுருளுக்கு நிழலில் அரை நொடியாவது ஒளி வேண்டும். ஐம்பதாண்டு அவ்வீட்டை ஆண்ட உம்மாவைத் திண்ணையில் அமர்த்தி, “மதினி, அசையாமல் இருங்கள்” என்றார் சாச்சா. உம்மா அசையவில்லை. விரலிடையே உருண்ட தஸ்பீஹ் மணிகள் மட்டும் புகைபோல் பதிந்திருக்கின்றன.