சும்மா கிடைக்கிற மாத்திரை

பி.காம். படித்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரே பழக்கம், எங்கே போனாலும் 'இவங்க எங்கே வாங்கறாங்க, என்ன விலைக்கு வாங்கறாங்க?' என்று மனசு கணக்குப் போடுவது. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்.

எங்கள் ஃப்ளாட்ஸில் ஒரு ரிடையர்டு மாமா. சர்க்கரைக்கும் பிரஷருக்குமாகப் பென்ஷனில் ஒரு பங்கை மாசாமாசம் மெடிக்கல் ஷாப்பில் கொட்டுகிறார். "அடுத்த தெருவுலயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கே மாமா, மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் அங்கேயும் தர்றாங்களே" என்றேன். "சும்மா குடுக்கிற மாத்திரை கேக்குமாப்பா?" என்றார்.

சும்மா என்பது அவருக்குத்தான். அரசாங்கம் காசு கொடுத்து, அதுவும் கறாராக விலை பேசித்தான் வாங்குகிறது. 1994-ல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்த மாநிலத்துக்கும் சேர்த்து டெண்டர் விடுகிறது. பிராண்டு பெயரில் அல்ல, மருந்தின் பெயரில். கிடங்கில் இறங்கும் சரக்கில் சாம்பிள் எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரியே ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள்: வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம், எடுக்க எடுக்கக் கழியும். (யோசித்தவர் காமர்ஸ் குரூப்பாகத்தான் இருக்கணும்!) 2011-ல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் கொண்டுவந்தபோது இதே வழியில்தான் போனது.

மெடிக்கல் ஷாப் கணக்கு தலைகீழ். அங்கே மறைக்கிற அந்தப் பெயருக்குத்தான் இங்கே காசு. எதை வாங்குவது என்று முடிவு செய்பவர் டாக்டர், காசு கொடுப்பவர் நோயாளி. கத்தரிக்காய் மாதிரி நாலு கடை ஏறி இறங்க முடியாது. கென்னத் ஆரோ என்ற பொருளாதார நிபுணர் 1963-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார்.

தனியாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2009-லிருந்து அரசுக் காப்பீட்டில் ஏழைகளுக்கும் அங்கே ஆபரேஷன் நடக்கிறது. நல்லதுதான். ஆனால் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் பெட்டில் சேர்ந்தால்தான் வாயைத் திறக்கும். சர்க்கரை மாத்திரைக்குத் திறக்காது.

எனக்கு உறுத்துவது வேறு. போன மாசம் நாய்க்கடி ஊசிக்காக அந்த நிலையத்துக்குப் போனேன். ஊசி இருந்தது, நர்ஸம்மாவும் பதமாகத்தான் போட்டார். உட்காரத்தான் இடம் இல்லை. முழங்கால் வலிக்காரப் பாட்டிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். எங்கள் ஃப்ளாட்ஸில் தண்ணி லாரி ஒரு நாள் வரலைன்னா அன்றைக்கே மனு எழுதி இருபது பேர் கையெழுத்துப் போட்டு கவுன்சிலர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். அந்த இருபதில் என்னைத் தவிர ஒருத்தரும் அந்த க்யூவில் நின்றதில்லை. அங்கே பெஞ்ச் இல்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது.