கறள் பிடித்த நட்டும் கழற்றத் தெரிந்த கைகளும்

அடுப்படியில் காஸ் குழாய் ஒழுகினால் மணத்தை வைத்தே நாம் கண்டுபிடித்து விடுகின்றோம். தையல் மெஷின் நூலை அறுத்தால் ஊசியை மாற்றுவதா, எண்ணெய் விடுவதா என்பது எமக்குத் தெரியும். ஆனால் வாசலில் நிற்கும் வாகனத்துக்கு ஏதும் நேர்ந்தால் மட்டும் "அது ஆம்பிளையளின்ர வேலை" என்று ஒதுங்கி விடுகின்றோம். அந்த வாகனத்தின் உழைப்பில் குடும்பமே சாப்பிட்டாலும், அதன் கடனைக் கட்டுபவள் பெண்ணாகவே இருந்தாலும் நிலைமை இதுதான்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்ற காலத்தில் பால்நிலை வேலைப்பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றேன். அந்தப் பிரிவினை உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம் என்பதை 2023இல் ஒரு பழைய லொறியின் அருகில் நின்றபோதுதான் நேரில் கண்டேன்.

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றில் நான் மாதந்தோறும் சந்திக்கும் குடும்பங்களில் ஓர் அக்காவின் குடும்பமும் ஒன்று. 2009இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். கரையில் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, மாங்குளம் வழியாக வவுனியாவுக்கு அனுப்புவது அவரது தொழில். அதற்காகக் கடன்பட்டு வாங்கியதுதான் எண்பதுகளில் செய்யப்பட்ட அந்த இசுசு எல்ப் லொறி. "இவ்வளவு பழசை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்க முடியாத காலம் அது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின் பழைய லொறிகளின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது லொறி வேலிக்கரையில் நின்றது. பிறேக் பெடல் வழக்கத்தை விடக் கீழே போகின்றது என்று சாரதித் தம்பி சொல்லியிருந்தார். பின்பக்க இடது சில்லுக்குப் போகும் இரும்புக் குழாய் கறள் பிடித்து, அதிலிருந்து பிறேக் ஒயில் கசிந்துகொண்டிருந்தது. மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் வருடக்கணக்காக அந்தக் குழாயின் மேல்தான் விழுந்திருக்கின்றது. குழாயை மாற்றலாம் என்றால், அதன் இரண்டு முனையிலும் உள்ள நட்டுக்கள் அசையவில்லை. சாதாரண ஸ்பனரைப் போட்டு இழுத்ததில் ஒரு நட்டின் மூலைகள் ஏற்கனவே தேய்ந்து போயிருந்தன.

"அக்கா, அந்தப் பைப்பை வெட்டி மடிச்சு அடிச்சுவிட்டா ஒயில் போகாது. மற்ற மூண்டு சில்லிலயும் பிறேக் பிடிக்கும். அது காணும்" என்றார் தம்பி. அவரில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவசரத்துக்குப் பலரும் செய்கின்ற வேலைதான் அது. வியாழக்கிழமை நுண்கடன் தவணை என்பதும் அவருக்குத் தெரியும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "பாரத்தோட போய், சடுதியா ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கால வந்தா அந்த மூண்டு சில்லும் காணுமே தம்பி?" என்று கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை.

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஒரு சில்லின் பிறேக்கை அடைத்துவிட்டால், அழுத்தி மிதிக்கும்போது லொறி ஒரு பக்கம் இழுக்கும். மழை றோட்டில் பின்பக்கம் வழுக்கித் திரும்பவும் கூடும். மேலும் ஒரு குழாய் உக்கிப் போயிருந்தால், அதே உப்புத் தண்ணீரில் நனைந்த மற்றக் குழாய்களும் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பில்லை. மிகப் பழைய வாகனங்கள் பலவற்றில் நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் சுற்றுத்தான். ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு பிறேக்கும் ஒன்றாகப் போய்விடும்.

அயலூரில் கராஜ் வேலையை விட்டு ஓய்வாக இருந்த ஒரு பெரியவரை அக்கா அழைத்து வந்தார். அவருக்கு முழங்கால் வருத்தம். லொறிக்குக் கீழே போக முடியாது. "நான் சொல்லச் சொல்ல ஆரும் செய்யுங்கோ" என்றார். பழைய சாறன் ஒன்றை விரித்து அதில் படுத்து உள்ளே போனவர் அக்காதான்.

முதலில் சில்லுகளுக்கு மரக்கட்டை அண்டை கொடுத்தார்கள். ஜக்கை மட்டும் நம்பாமல், உறுதியான முண்டுகளின் மேல் லொறியை இருத்தினார்கள். பிறகு கம்பி பிரஷ்ஷால் நட்டைச் சுற்றியிருந்த கறளைத் தேய்த்தெடுத்து, டபிள்யூடி 40 அடித்தார்கள். "இண்டைக்கு இவ்வளவுதான். நட்டோட சண்டை பிடிக்காதை பிள்ளை, அதுக்கு நேரம் குடு" என்றார் பெரியவர். இரவும் காலையும் திரும்பத் திரும்ப எண்ணெய் அடித்து, சிறு சுத்தியலால் நட்டின் மேல் மெதுவாகத் தட்டினார்கள். தட்டும் அதிர்வில்தான் எண்ணெய் புரிகளுக்குள் இறங்குகின்றது.

அடுத்தது ஸ்பனர். வாய் திறந்த சாதாரண ஸ்பனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். மூலை தேய்வது அதனால்தான். பிறேக் குழாய் நட்டுக்கென்றே ஒரு ஸ்பனர் இருக்கின்றது. பார்வைக்கு ரிங் ஸ்பனர் போலிருக்கும். குழாய் நுழைவதற்கு மட்டும் ஒரு வெட்டு இருக்கும். அது ஐந்து பக்கங்களைப் பிடிக்கும். பெரியவர் அதைப் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

கழற்றும் பக்கம் உடனே இழுக்கக்கூடாது என்பது அவரது அடுத்த பாடம். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சொட்டு அசைக்க வேண்டும். கறள் உடைபடும் சத்தம் கேட்டதும் கழற்றும் பக்கம் கொஞ்சம், பிறகு மீண்டும் இறுக்கும் பக்கம் கொஞ்சம். நட்டோடு சேர்ந்து குழாயும் முறுகினால் நிறுத்திவிட வேண்டும். இரண்டாம் நாள் மாலை, பின் அச்சிலிருந்த நட்டு இப்படியே அசைந்து வந்தது. மூலை தேய்ந்த மற்ற நட்டுக்கு வேறு வழி செய்தார்கள். எப்படியும் எறியப்போகும் குழாய் என்பதால் அதை நட்டோடு ஒட்ட வெட்டிவிட்டு, ஆறு மூலைச் சொக்கற்றைத் தட்டி இறக்கிக் கழற்றினார்கள்.

"சூடு காட்டினால் என்ன?" என்று நான் கேட்டேன். "இதில வேண்டாம் மிஸ். பிறேக் ஒயில் நெருப்புப் பிடிக்கும். சிலிண்டருக்குள்ள ரப்பர் கிடக்கு, அதுவும் போயிடும்" என்றார். அதே ரப்பருக்காகத்தான், கறள் கழற்றிய எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஒரு துளியும் பிறேக் குழாய்க்குள் போகக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். அந்த எண்ணெய்கள் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். முனைகளை ஸ்பிரிட்டால் துடைத்து, சுத்தமான மூடியால் அடைத்து வைத்தார்கள்.

புதன்கிழமை புதிய குழாய் பூட்டப்பட்டது. மற்றப் பக்கத்துக் குழாயையும் சேர்த்தே மாற்றினார்கள். பின்னர் காற்று எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் மேலே இருந்து பெடலை மிதிக்க, மற்றவர் கீழே நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பெடலை மிதித்தது நான். "மிதி, பிடி, விடு" என்று கீழிருந்து அக்கா சொல்லச் சொல்ல மிதித்தேன். எத்தனையோ வீடுகளில் பெண்கள் இப்படி மேலே இருந்து மிதித்திருப்பார்கள். கீழே என்ன நடக்கின்றது என்று அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றுதான் கீழிருந்து சொல்லும் பெண் குரலை நான் கேட்டேன். குமிழிகள் நின்று ஒயில் மட்டும் வரத் தொடங்கியதும் என் காலுக்கடியில் பெடல் இறுகியது.

மூன்று நாள் உழைப்பு இல்லாமற் போனது உண்மை. அந்த வாரத் தவணையைக் கடன் குழுவிலிருந்த மற்றப் பெண்கள் சேர்ந்து கட்டினார்கள். இரண்டு வாரத்தில் அக்கா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குழாயை மடித்து அடித்து, லொறி எங்காவது மோதியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க எவராலும் முடிந்திராது.

சகோதரிகளே, எல்லோரும் லொறிக்குக் கீழே படுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பிறேக் வேலையைத் தெரிந்தவரே செய்ய வேண்டும். ஆனால் அவர் என்ன செய்கின்றார் என்று கேட்கும் அளவுக்காவது எமக்குத் தெரிந்திருக்க வேண்டும். "குழாயை மாற்றினீர்களா, அடைத்தீர்களா? கழற்றிய பழைய குழாய் எங்கே? காற்று எடுத்தீர்களா?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே பாதி ஆபத்துக் குறையும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, குழாயை உள்ளிருந்தும் கறளாக்கும். ஆகவே திறந்து நாளான தகரத்திலிருந்து விடவேண்டாம் என்றும் சொல்லுங்கள். மீன், உப்பு ஏற்றும் வாகனமாக இருந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவச் செய்யுங்கள்.

பலம் வேண்டும் என்பதால்தான் இது ஆண்களின் வேலை என்று சொல்வார்கள். அந்த நட்டின் மூலையைத் தேய்த்தது பலம்தான். அதைக் கழற்றியது பொருத்தமான ஸ்பனரும், இரண்டு இரவு பொறுமையும், முறை தெரிந்த ஒருவரின் சொல்லும். இவற்றில் எது பெண்ணுக்குக் கிடைக்காதது? எமது பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது தையலுக்கும் அழகுக்கலைக்கும் மட்டும் கையொப்பமிடாமல், மோட்டார் வாகனப் பாடநெறியின் படிவத்தையும் ஒருமுறை வாசித்துப் பார்ப்போம். அக்காவின் மூத்த மகள் இப்போது அதைத்தான் கேட்டு நிற்கின்றாள்.