பகைவன் கட்டிய பேராலயம்

இத்தாலி நாட்டின் அங்கோனாத் துறைமுகத்தில் மாலையில் கப்பலேறினால், இரவெல்லாம் அட்ரியாட்டிக் கடலைக் கடந்து, பொழுது புலரும் வேளையில் குரோஷியா நாட்டின் ஸ்பிளிட் நகரை அடையலாம். உரோமைத் திருப்பயணத்தை முடித்துக்கொண்டு நானும் என் மனைவியும் அவ்வழியே சென்றோம். உரோமையில் ஆலயந்தோறும் மண்டியிட்டு மன்றாடியும் அவள் உள்ளத்தை விட்டு ஒரு முள் அகலவில்லை. பூர்வீக வீட்டைப் பங்கிட்டதில் எழுந்த மனத்தாங்கலால், அவளும் அவளுடைய அண்ணனும் ஆறு ஆண்டுகளாகப் பேசுவதில்லை.

கப்பல் கரையை நெருங்கியபோது, ஈச்சை மரங்கள் அணிவகுத்த கடற்கரைச் சாலைக்குப் பின்னால் நீண்டதொரு கல்மதில் தெரிந்தது. மதிலுக்குள்ளேயே வீடுகள், சாளரங்களில் உலரும் துணிகள், அவற்றின் மேல் உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டு. வாசகர்களே, ஓர் அரண்மனையே ஊராக மாறிய விந்தையை அங்கே கண்டோம்!

அதைக் கட்டியவர் உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன். இந்தப் பகுதியிலேயே பிறந்து, படைவீரராக உயர்ந்து, அரியணை ஏறியவர். 303ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய வேதகலாபனை திருச்சபை கண்ட கொடுமைகளுள் மிகப் பெரியது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, மறைநூல்கள் எரிக்கப்பட்டன, தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தவர்கள் கொல்லப்பட்டனர். நம் பங்குகளில் அம்புகள் தைத்த கோலத்தில் நாம் வணங்கும் புனித செபஸ்தியாரும் இவருடைய ஆட்சியிலேயே உயிர்நீத்தார் என்பது மரபு. 305ஆம் ஆண்டில் முடி துறந்த பேரரசர், இறுதி நாள்களைக் கழிக்க இந்த அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். மீண்டும் ஆளவேண்டுமென்று அழைத்தவர்களிடம், தம் கையால் பயிரிட்ட முட்டைக்கோசின் அழகைக் கூறி மறுத்துவிட்டாராம்.

அக்காலத்தில் தெற்கு மதிலைக் கடலலை தொட்டுக்கொண்டிருந்தது. இன்று சாலையைக் கடந்து பித்தளை வாயிலின் வழியே நுழைகிறோம். நிலவறைக் கூடங்களைத் தாண்டிப் படியேறினால், தூண்கள் சூழ்ந்த முற்றம் நம்மை எதிர்கொள்கிறது. எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல் ஸ்பிங்ஸ் சிலையொன்று அங்கே படுத்திருக்கிறது. பேரரசர் மக்களுக்குக் காட்சி தந்த அதே இடத்தில், கோடைக் காலங்களில் உரோமை வீரர் வேடமிட்ட இளைஞர்கள் பயணிகளோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

முற்றத்தின் கிழக்கே எண்கோண வடிவில் ஒரு கட்டடம். தம் உடலை அடக்கம் செய்வதற்கென்று பேரரசர் எழுப்பிய கல்லறை மாளிகை அது. இன்றோ அது ஸ்பிளிட் நகரின் பேராலயம்!

இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் சலோனா என்னும் பழைய நகரம் இருந்தது. அதன் ஆயர் புனித தொம்னியுஸ் 304ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். துணி வெளுக்கும் தொழிலாளியான புனித அனஸ்தாசியுஸ், கழுத்தில் கல் கட்டப்பட்டுக் கடலில் எறியப்பட்டார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அவார், ஸ்லாவ் மக்களின் படையெடுப்பில் சலோனா அழிந்தபோது, உயிர்தப்பிய கிறிஸ்தவர்கள் அடைக்கலம் தேடி வந்த இடம் இந்த அரண்மனை. அவர்கள் அதன் அறைகளில் குடியேறினார்கள். கல்லறை மாளிகையை ஆலயமாக்கினார்கள். தங்கள் மறைசாட்சிகளின் திருப்பண்டங்களை அங்கே வைத்தார்கள். பேரரசரின் உடல் என்னவாயிற்று என்பது எவருக்கும் தெரியாது. அவர் கொன்ற ஆயரோ நகரின் பாதுகாவலராக விளங்குகிறார். ஆண்டுதோறும் மே 7ஆம் நாள் மக்கள் திரண்டு அவருக்குத் திருவிழா எடுக்கிறார்கள்.

ஆலயக் கதவுகள் 1214ஆம் ஆண்டில் அந்திரியா புவினா என்னும் கலைஞர் செதுக்கியவை; ஆண்டவரின் வாழ்க்கையை 28 காட்சிகளில் அவற்றில் காணலாம். உள்ளே அனஸ்தாசியுஸின் பீடத்தில், இயேசு கசையடி படும் காட்சியைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். அங்கே நெடுநேரம் நின்ற என் மனைவி, பிறகு மேலே நோக்கினாள். குவிமாடத்தின் கீழ் ஓடும் சிற்ப வரிசையில் இரு முகங்கள் தெரிந்தன. அவை தியோக்கிளேசியனும் அவருடைய மனைவி பிரிஸ்காவும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

“என்னங்க, இத்தனை பேரைக் கொன்ற பாவியாயிற்றே! இந்த முகத்தை மட்டும் ஏன் பெயர்த்தெறியாமல் விட்டுவைத்தார்கள்?” என்று மெல்லக் கேட்டாள்.

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. வெளியே வந்து, எதிரே இருந்த ஒடுக்கமான சந்தில் நடந்தோம். அதன் முடிவில் யூப்பித்தர் கோவிலாக இருந்து திருமுழுக்கு ஆலயமான சிறு கட்டடம். சிலுவை வடிவிலான திருமுழுக்குத் தொட்டியின் அருகே நின்றபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

“வந்தவர்களுக்கு வேண்டியிருந்தது பழிவாங்குதல் அன்று, பிள்ளைகளுக்கு ஒரு கூரையும் மன்றாட ஓர் இடமும். பகைவனின் முகத்தை உடைப்பதற்குச் செலவிடும் நேரத்தில் தொட்டிலுக்கு இடம் ஒழித்திருப்பார்கள். அந்த முகத்தின் கீழேயே இத்தனை நூற்றாண்டுகளாகத் திருப்பலி நடக்கிறது. அதனால் திருப்பலிக்கு என்ன குறைந்துவிட்டது?” என்றேன்.

அவள் மறுமொழி கூறவில்லை.

1979ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் இந்தப் பழைய நகரில் மக்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். பேரரசரின் சுவரே ஒரு வீட்டுக்கு அடுக்களைச் சுவர். காவல் வாயிலின் மேலேயே மாதாவுக்கு ஒரு சிற்றாலயம். இடித்துத் தள்ளாமல் குடியேறியதால்தான் அரண்மனையும் பிழைத்தது, மக்களும் பிழைத்தார்கள்.

மாலைத் திருப்பலிக்கு மணி ஒலித்தது. மொழி புரியாவிட்டாலும் திருப்பலி புரிந்தது. சமாதானம் கூறும் வேளையில், அருகிலிருந்த மூதாட்டி என் மனைவியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

வெளியே வந்ததும், முற்றத்துக் கடையில் பேராலயத்தின் படம் பதித்த அஞ்சலட்டை ஒன்றை அவள் வாங்கினாள். “யாருக்கு?” என்று கேட்டேன். “அண்ணனுக்கு” என்றாள். கடற்கரைச் சாலையின் விளக்கொளியில் மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள். முதல் வரியை எழுத வெகுநேரம் ஆயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை.